உள்ளே மடித்த துணி

ஹம்டன் ஒழுங்கை, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
கடற்காற்றுக்குக் கத்தரிக்கோல் கறள் பிடிக்கும்,
கிழமைக்கொருதரம் தேங்காயெண்ணெய் பூசுவேன்.

ஆரபியை ஆறாம் வகுப்பிலிருந்து அளக்கிறேன்.
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை,
பிறகு டியூஷனுக்குச் சுடிதார்.
அளக்கும்போது வாய் ஓயாது.
பௌதிகவியல் மிஸ்ஸின் நடை,
ரயிலில் கடலை விற்பவனின் தொண்டை,
எல்லாம் நடித்துக் காட்டுவாள்.

மாசியில் வந்தாள். இடுப்பில் சட்டை நிற்கவில்லை.
குண்டூசிகளைப் பல்லில் கடித்தபடி நான் சொன்னேன்:
"வடிவாய் மெலிஞ்சிட்டாய் பிள்ளை."
சிரித்தாள்.
அந்தச் சிரிப்பை நான்தான் தைத்துக் கொடுத்தேன்.
பிரிக்கத்தான் தெரியவில்லை.

சித்திரையில் இன்னொருதரம் பிடித்துத் தைத்தேன்.
வைகாசியில் இன்னொருதரம்.
தார் இளகுகிற வெயிலில்
நுவரெலியாவுக்கு வாங்கிய கம்பளிச் சட்டையோடு வந்தாள்.
கழற்றினால், முன்கையில் புதிதாய்ப் பூமயிர்,
பிறந்த கன்றுக்குப்போல.
குளிருக்கு உடம்பு தானே ஒரு போர்வை நெய்திருந்தது.

நாடா அவளைச் சுற்றி வந்து
தன் வாலைத் தாண்டிப் போனது.
இலக்கத்தைச் சத்தமாய் வாசிப்பது என் வழக்கம்.
அன்று வாசிக்கவில்லை.
அவள் கண் என் உதட்டிலேயே நின்றது,
ரிசல்ட் வருகிற நாளில்போல.
"எவ்வளவு அன்ரி?"

துணிக்குத்தான் இலக்கம், உனக்கில்லை.
இந்தப் பதில் எனக்கு வந்தது
மூன்று நாள் கழித்து, மீன் வெட்டும்போது.

பசி எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.
பங்கருக்குள் ஒரு சிரட்டைக் கஞ்சியை
நாலாய்ப் பிரித்தவள் நான்.
ஆகவே கோபம்தான் வந்தது:
சோறிருக்கிற வீட்டில் இதென்ன சேட்டை?

தாய் சாந்தரூபி கண்ணூறு கழித்தாள்.
காஸ்ற்றிக் என்றாள், சோதினைப் பயம் என்றாள்,
சஷ்டிக்கு விரதம் பிடித்தவள்
முருகன் கலியாணம் முடிந்தும் விடவில்லை என்றாள்.
புட்டும் மாம்பழமும் பிசைந்து கொண்டுபோனால்
"என்னை ஆரோபோலப் பார்க்கிறாள் அக்கா."

ஒருநாள் உடுப்பெடுக்க வந்தவள்
பாதிப் படியில் இருந்துவிட்டாள். மூச்சு இளைத்தது.
பிறகு சொன்னாள், எனக்கில்லை,
என் மெஷினுக்குச் சொல்வதுபோல:

"பசிக்காமல் இல்லை அன்ரி.
நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்புத்தான்.
தம்பிக்குக் கேக் அடிச்சுக் குடுக்கிறன்.
நான் வாயில வைக்கேக்க
உள்ளுக்க ஒருத்தி கத்துறாள்.
முதல்ல சிநேகிதி மாதிரித்தான் வந்தவள்,
கெட்டிக்காரி எண்டு சொல்லுவாள்.
இப்ப ஒருநாளும் சொல்லுறேல்லை."

கீழே காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்
ஹோர்னில் கை எடுக்காமல் போனது.
எங்கள் கஞ்சியை மறித்தவர்கள் வெளியே நின்றார்கள்.
ஓடலாம், ஏசலாம்.
இவளுடையதை மறிப்பவள்
இவள் தொண்டைக்குள் இருந்துகொண்டு
இவள் குரலிலேயே கதைக்கிறாள்.

இப்போது வார்ட்டில். இருதயம் களைத்துவிட்டதாம்.
இது பிடிவாதமில்லை, நோய் என்று
டொக்டர் சிங்களத்தில் சொன்னதைத்
தாய் எனக்குத் தமிழில் சொன்னாள்,
மூன்றுதரம், தனக்கும் சேர்த்து.

ஞாயிறு போனேன். சாப்பாடு ஒன்றும் கொண்டுபோகவில்லை,
ஒரு சேட்டும் பொத்தான்களும் மட்டும்.
முன்னால் ஒரு கோப்பை பால். பக்கத்தில் நேர்ஸ்.
நான் குனிந்து பொத்தான் தைத்தேன்.

"என்ர சட்டையில மிச்சத்தை
வெட்டிப்போட்டீங்களோ அன்ரி?"
"இல்லை. ஒவ்வொருதரமும்
உள்ளுக்குத்தான் மடிச்சு விட்டனான்."

முகம் மலரும் என்று நினைத்திருந்தேன்.
மலரவில்லை. பயந்தாள்.
அந்த ஒரு விரற்கடைத் துணிக்கு
அவ்வளவு பயம்.
நெடுநேரம் கழித்து,
"மெல்ல" என்றாள். "மெல்லப் பிரியுங்கோ."

பாலில் ஆடை படிந்திருந்தது.
விரலால் ஒதுக்கினாள்.
குடித்தாளா என்று நான் பார்க்கவில்லை.
நூலை நாக்கில் நனைத்து
அடுத்த பொத்தானுக்குக் கோத்தேன்.